ஒரே கடல், வேறு வேறு பசி: புதிதாக வியாபாரம் தொடங்குவோருக்குச் ‘செயல்வாழிடம்’ பற்றிய எளிய விளக்கம்

மார்ச் மாதத்துக்கும் ஓகஸ்ட் மாதத்துக்கும் இடையில், காற்று அடங்கிய காலை வேளைகளில், சுவாமி மலையின் விளிம்பில் நின்று கடலைப் பார்ப்பவர்களுக்குச் சில நாட்களில் திமிங்கிலம் மூச்சுவிடும்போது எழும் நீர்த்தூவல் தெரியும். திருகோணமலைக் கடலுக்கு வரும் திமிங்கிலங்களில் இரண்டு மிகப் பெரியவை. ஒன்று நீலத்திமிங்கிலம், உலகில் இதுவரை வாழ்ந்ததாக அறியப்பட்ட விலங்குகளிலேயே எடை கூடியது. மற்றது ஸ்பேர்ம் திமிங்கிலம். பல்லுள்ள திமிங்கிலங்களில் அதுதான் பெரியது. கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கி இறங்கும் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இங்கே கடலடியில் இருக்கிறது. மற்ற ஊர்களில் வெகுதூரம் கடலோடிப் போனால் மட்டும் கிடைக்கும் ஆழம் நமக்குக் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஆழம்தான் இந்த இரண்டையும் நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து விடுகிறது.

நீலத்திமிங்கிலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையில் வரிசையாகத் தொங்கும் தகடுகள் இருக்கின்றன. வாயைப் பெரிதாகத் திறந்து கடல்நீரை அள்ளி, தகடுகளின் இடைவெளியால் நீரை வெளியே தள்ளி, உள்ளே மிஞ்சும் சிற்றிறால் போன்ற உயிரிகளை விழுங்குகிறது. அந்த உணவு பெரும்பாலும் சில நூறு மீற்றர் ஆழத்துக்குள் கிடைத்துவிடும். ஸ்பேர்ம் திமிங்கிலமோ ஒரு கிலோமீற்றர் ஆழம்வரையும் இறங்கும். வெளிச்சம் எட்டாத அந்த இடத்தில் ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு கணவாயைத் தேடிப் பிடிக்கும். இரண்டும் ஒரே கடலில், ஒரே பருவத்தில், பெரும்பசியோடு திரிகின்றன. ஆனால் ஒன்றின் சாப்பாட்டில் மற்றது வாய்வைப்பதில்லை.

வியாபாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் சட்டென்று சொல்வது, சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கும் என்பதுதான். இயற்கையின் சட்டமே அதுதான் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கடை போட நினைக்கும் ஓர் இளைஞனை இந்தப் பேச்சு இரண்டு விதமாகக் கெடுத்துவிடுகிறது. ஒன்று, பெரியவர்கள் இருக்கும் ஊரில் நமக்கு இடமில்லை என்று அவன் தொடங்காமலே விட்டுவிடுகிறான். அல்லது, விழுங்கப்படாமல் இருக்க விழுங்க வேண்டும் என்று நினைத்து, பக்கத்துக் கடையின் விலையைவிடக் குறைத்துக் குறைத்து இரண்டு பேரையும் கடனில் இறக்கிவிடுகிறான். கடலில் விழுங்குவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த உயிர் எங்கே எத்தனை காலம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அதைவிடப் பெரிய பங்கு வேறொன்றுக்கு இருக்கிறது. உயிரியலாளர்கள் அதைச் செயல்வாழிடம் என்கிறார்கள்.

செயல்வாழிடம் என்றால் என்ன?

ஓர் உயிர் வசிக்கும் இடம் அதன் வாழிடம். அந்த இடத்தில் அது எதைத் தின்கிறது, எப்போது தின்கிறது, எந்த ஆழத்தில் அல்லது உயரத்தில் தேடுகிறது, எவ்வளவு வெப்பத்தையும் உப்பையும் தாங்குகிறது, எதற்கு இரையாகிறது என்ற எல்லாம் சேர்ந்ததுதான் செயல்வாழிடம். ஒரே வாழிடத்தில் பல செயல்வாழிடங்கள் இருக்க முடியும்.

கிண்ணியாப் பக்கம் போகிறவர்கள் களப்பு ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும். நீர்க்காகம் தண்ணீருக்குள் மூழ்கி மீனைத் துரத்துகிறது. சாம்பல் நாரை கால் நனையும் ஆழத்தில் அசையாமல் நின்று, அருகில் வரும் மீனைக் குத்துகிறது. சின்னக் கொக்கு அதைவிட ஆழம் குறைந்த கரையோரத்தில் காலால் சேற்றைக் கிளறி, கலங்கி ஓடும் குஞ்சுகளைப் பொறுக்குகிறது. மீன்கொத்தி கண்டல் மரக் கிளையிலிருந்து செங்குத்தாக விழுகிறது. செம்பருந்து மேலே வட்டமிட்டு, நீர்மட்டத்துக்கு வந்ததை மட்டும் காலால் பற்றிக்கொண்டு போகிறது. ஐந்துக்கும் உணவு மீன்தான்; களப்பும் ஒன்றுதான். கால் நீளமும் அலகின் வடிவமும் வேட்டை முறையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீனை ஒதுக்கிக் கொடுத்துவிடுகின்றன.

இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ரஷ்ய உயிரியலாளர் ஜோர்ஜி கௌஸ் அதைப் பரிசோதித்துப் பார்த்து 1934இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24க்குள்தான். நுணுக்குக்காட்டியால் பார்க்க வேண்டிய பரமேசியம் என்ற ஒருகல உயிரியில் சில இனங்களை எடுத்து, கண்ணாடிக் குழாய்களில் உணவு கொடுத்து வளர்த்தார். தனித்தனியாக வளர்த்தபோது எல்லாம் நன்றாகப் பெருகின. ஒரே உணவை உண்ணும் இரண்டு இனங்களை ஒரே குழாயில் விட்டபோது ஒன்று மெல்ல மெல்ல மறைந்தே போனது. அவை ஒன்றையொன்று தாக்கவில்லை, கடிக்கவில்லை. ஒன்று சற்று வேகமாகப் பெருகி உணவை முந்திக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது.

அவருடைய அடுத்த முடிவைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் சோதனையில் தோற்று மறைந்த அதே இனத்தை, வேறொரு பரமேசிய இனத்தோடு சேர்த்து விட்டார். இந்தத் தடவை இரண்டும் பிழைத்தன. ஒன்று குழாயின் மேற்பகுதியில் மிதக்கும் பற்றீரியாவைத் தின்றது. மற்றது அடியில் படிந்த மதுவத்தைத் தின்றது. இரண்டின் எண்ணிக்கையும் தனியாக இருந்தபோது இருந்ததைவிடக் குறைந்ததுதான். ஆனால் ஒன்றும் அழியவில்லை. முதல் குழாயில் தோற்ற உயிர் பலவீனமானது என்று யாராவது முடிவுகட்டியிருந்தால், அது எவ்வளவு தவறாக இருந்திருக்கும்!

முழுக்க ஒரே செயல்வாழிடத்தில் இரண்டு இனங்கள் நெடுங்காலம் சேர்ந்திருக்க முடியாது என்பது கௌஸின் பெயரால் வழங்கும் தத்துவம். போஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தை 1963இல் தொடங்கிய புரூஸ் ஹென்டர்சன், 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தப் பரிசோதனையைத்தான் வியாபாரப் போட்டிக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டார். ஒரே பொருளை, ஒரே விலைக்கு, ஒரே வாடிக்கையாளருக்கு, ஒரே நேரத்தில் விற்கும் இருவரில் ஒருவர் காலப்போக்கில் காணாமல் போவார். இருவரும் நிலைக்க வேண்டுமானால் எதிலாவது வேறுபட வேண்டும்.

திருகோணமலை மீனைப் பங்கிட்டுக்கொள்பவர்கள்

களப்பில் பறவைகள் செய்வதைக் கரையில் மனிதர்களும் செய்கிறார்கள். அதற்கு மீன் வியாபாரத்தைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடையாது.

விடிவதற்கு முன் படகுகள் கரை சேருகின்றன. சூரை, அறுக்குளா, பாரை போன்ற பெரிய மீன்களை ஐஸ் நிரப்பிய லொறியோடு காத்திருக்கும் மொத்த வியாபாரி எடுக்கிறார். அவருக்குத் தொகை வேண்டும். ஒரே தரம் வேண்டும். அன்றிரவே கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மீன் சந்தையில் சேர்ப்பிக்க வேண்டும். நாலு கிலோ சூடை மீனுக்காக அவர் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டார். அந்தச் சூடையும் கீரியும், பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்காரருக்குப் போகின்றன. அவர் ஹோர்ன் அடித்துக்கொண்டு தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல் கிராமங்களுக்குள் நுழைகிறார். அங்கே வீட்டு வாசலில் நிற்கும் அம்மாவுக்கு வேண்டியது அரைக் கிலோ. அதையும் வெட்டித் தர வேண்டும். லொறிக்காரரால் அந்த ஒழுங்கைக்குள் போகவும் முடியாது, போனால் கட்டுப்படியாகவும் மாட்டாது.

உப்புவெளியில் விடுதி நடத்துபவர் சிங்கி இறாலையும் முழு மீனையும் தேடி வருகிறார். கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பார். ஆனால் சுற்றுலாப் பயணிகள் வரும் மாதங்களில் மட்டும். வலை நிறைய நெத்தலி பட்டு விலை விழுந்த நாளில் கருவாடு போடும் பெண்கள் வந்து மலிவாக எடுக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் கெட்ட நாள் அவர்களுக்கு நல்ல நாள். உப்பும் வெயிலும் அவர்கள் முதலீடு. மீன் கிடைக்காத மாரிக்காலம் அவர்கள் விற்பனைக் காலம். வாடைக்காற்றோடு கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறிக் கிடக்கும்போது வீடுகளில் கருவாட்டுக் குழம்புதான் கொதிக்கும்.

ஒரே கடலில் பட்ட மீனை இவர்கள் அளவாலும் தூரத்தாலும் நேரத்தாலும் பருவத்தாலும் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனமும் கூட்டம் போட்டு இதைத் திட்டமிடவில்லை. ஒவ்வொருவரும் தனக்குக் கட்டுப்படியாவதைத் தேடிப் போனதில் இந்த ஒழுங்கு உண்டானது. இவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் லொறிக்காரரைத்தான் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் அவர் மற்றவர்களை விழுங்கவில்லை. சின்ன மீனை வாங்க மோட்டார் சைக்கிள்காரர் இருப்பதால்தான் படகுக்காரருக்கு மண்ணெண்ணெய்ச் செலவு ஈடாகிறது. படகு கடலுக்குப் போவதால்தான் லொறிக்குப் பெரிய மீன் கிடைக்கிறது.

நேரத்தால் பிரிவதற்குப் புறாத்தீவின் முருகைக்கற்பாறை அருமையான சான்று. நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இந்தத் தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. 100க்கு மேற்பட்ட முருகைக்கல் இனங்களும் 300 அளவிலான மீனினங்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன. இத்தனை உயிர்கள் அவ்வளவு சிறிய இடத்தில் எப்படி அடங்குகின்றன? ஒரு காரணம், முறைமாற்றம். பகலில் மேயும் மீன்கள் இருட்டியதும் பாறை இடுக்குகளுக்குள் ஒதுங்கும்போது, பகல் முழுவதும் அந்த இடுக்குகளில் பதுங்கியிருந்த பெரிய கண்ணுள்ள சிவப்பு மீன்கள் வெளியே வந்து இரை தேடுகின்றன. பஸ் நிலையத்துப் பக்கம் காலையில் இடியப்பமும் சம்பலும் விற்கும் இடத்தில், இரவில் கொத்து ரொட்டித் தட்டின் சத்தம் கேட்கிறதே, அதே ஏற்பாடுதான். ஒருவர் வாடகையைக் குறைக்க மற்றவர் உதவுகிறார்.

பெரியவர் வரமுடியாத மேட்டில்

சின்னக் கடை வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொரு ஆய்வு உண்டு. ஜோசப் கொனெல் என்பவர் ஸ்கொட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் செய்து 1961இல் வெளியிட்டது. படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர் ஒன்று இருக்கிறது, கொட்டலசு என்பார்கள். அந்தப் பாறைகளில் அதில் இரண்டு இனங்கள் இருந்தன. சிறிய இனம் பாறையின் மேற்பகுதியில், வற்றுப்பெருக்கின்போது நீண்ட நேரம் காய்ந்து கிடக்கும் இடத்தில் வாழ்ந்தது. பெரிய இனம் எப்போதும் ஈரமாக இருக்கும் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சிறியதுக்குக் காய்ந்த இடம்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். கொனெல் பெரிய இனத்தைச் சில இடங்களில் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தார். சிறியது கீழ்ப்பகுதியிலும் நன்றாகவே வளர்ந்தது. அந்தச் சிறிய இனத்தால் எங்கும் வாழ முடியும். கீழே பெரியது அதை நெம்பியும் மூடியும் அழித்துவிடுவதால்தான் மேலே மட்டும் மிஞ்சியது. மேற்பகுதிக்குப் பெரியது வருவதில்லை, ஏனென்றால் வெயிலில் காய்வதை அதனால் தாங்க முடியாது. ஓர் உயிர் வாழக்கூடிய பரப்பு ஒன்று. போட்டிக்குப் பிறகு அதற்குக் கிடைக்கும் பரப்பு வேறு. தொடங்கும் வியாபாரத்துக்கும் இந்த இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

திருகோணமலை நகருக்குள் குளிரூட்டிய பல்பொருள் அங்காடிகள் வந்தபோது ஒழுங்கை முனைக் கடைகள் எல்லாம் மூடிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். எல்லாம் மூடவில்லை. மிஞ்சியவை பெரும்பாலும் கடன் கொப்பி வைத்திருப்பவை. கடற்றொழில் வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வருவதில்லை. கடல் கொடுத்த அன்று காசு வரும், கொடுக்காத வாரம் வராது. அந்த வாரத்தில் அரிசியும் மாவும் கொடுத்து, கொப்பியில் எழுதிவைத்து, வலை பட்டதும் வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் தேவை. பார்கோடு இயந்திரத்தில் அதற்கு இடமில்லை. முகத்தையும் குடும்பத்தையும் தெரிந்த ஒருவரால் மட்டுமே அந்தக் கடனைக் கொடுக்க முடியும். வெயிலில் காய்வதைப் போல அது கடினமான வாழ்க்கைதான். வராத கடனின் பாரம் முழுவதும் அவர் தலையில். ஆனால் பெரியவர் ஏறி வர முடியாத மேடு அது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் நடந்து போனால் எனக்கு மனம் சங்கடப்படுவது இதற்கு எதிரானதைக் கண்டுதான். ஒரு கடையில் நிற்கும் பலகையையே பத்துக் கடைகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே ஃப்ரைட் ரைஸ், அதே பழச்சாறு, புறாத்தீவுக்கு அதே படகுப் பயணம், அதே வாடகைச் சைக்கிள். ஒருவருக்கு நன்றாகப் போகிறது என்று கேள்விப்பட்டவுடன் அடுத்த பருவத்தில் அவருடைய செயல்வாழிடத்துக்குள்ளேயே எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். நகையை அடகு வைத்து இறங்குகிறவர்களும் உண்டு. பிறகு வேறுபடுவதற்கு மிஞ்சியிருப்பது விலை ஒன்றுதான். கௌஸின் முதல் குழாய்க்குள் என்ன நடந்ததோ அது நடக்கிறது. யாரும் யாருக்கும் தீங்கு நினைக்காமலே ஒருவர் வீழ்கிறார்.

மானும் வண்ணத்துப்பூச்சி மீனும்

அப்படியானால் யாரும் செய்யாத ஒன்றை மட்டும் செய்துகொண்டு, அதில் கைதேர்ந்துவிடலாமே என்ற கேள்வி எழும். இயற்கையில் அப்படிப்பட்ட உயிர்கள் இருக்கின்றன. முருகைக்கல் பாறைகளில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள், முருகைக்கல்லின் உயிருள்ள சதையைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. பாறை நலமாக இருக்கும்வரை அவற்றின் உணவுக்குப் போட்டியே கிடையாது. பாறை செத்தால் அவற்றுக்குச் சாப்பாடு இல்லை.

மறுபக்கத்தில், பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் நமது புள்ளிமான்களைப் பாருங்கள். புல், உதிர்ந்த இலை, சந்தையில் வீசும் மரக்கறித் தண்டு, கோயிலுக்கு வருபவர் கொடுக்கும் வாழைப்பழம் என்று கிடைத்ததை எல்லாம் உண்டு வாழ்கின்றன. (பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. நகரத்துக்கு அழகு சேர்க்கும் விலங்குக்கு நாம் செய்யும் கொடுமை அது. பையை வீசாமல் இருக்க நமக்கு ஒரு செலவும் இல்லை.)

ஒன்றையே நம்பி வாழ்வது அமைதியான காலத்தில் லாபம். பலவற்றை நம்பி வாழ்வது குழப்பமான காலத்தில் பாதுகாப்பு. எது நல்லது என்பதை அந்த இடத்தின் வரலாறு சொல்லும். நமது வரலாறு என்ன? 1983 முதல் 2009 வரை போர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். அடுத்த ஆண்டே கொரோனா. 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2021இல் அந்தத் தொகை 2 இலட்சத்துக்கும் கீழே போனது. 2022இல் எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது.

இப்படிப்பட்ட மண்ணில், முழுப் பணத்தையும் ஒரே வகை வாடிக்கையாளரிடம் கட்டிவைப்பதை நான் துணிவென்று சொல்ல மாட்டேன். தம்பலகாமத்தில் கொஞ்சம் வயலும் கரையில் ஒரு வள்ளமும் வைத்திருக்கும் குடும்பங்களை, ஒன்றிலும் முன்னேறாதவர்கள் என்று சிலர் குறைசொல்வார்கள். அந்தக் குடும்பங்கள் நெல்லில் போனதை மீனிலும், மீனில் போனதை நெல்லிலும் எடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கின்றன. சுழியோடிப் பயிற்சி கொடுக்கும் நிலையம்போல ஒன்றிலேயே நிபுணராக இருப்பவர்களும் ஊருக்குத் தேவை. ஆனால் அவர்கள் நல்ல ஆண்டின் லாபத்தை அடுத்த நிலையம் திறப்பதில் போடாமல், இரண்டு கெட்ட பருவங்களைத் தாங்குமளவுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

கூட்டாளி வெளியேறும்போது

வியாபாரத்தைச் சூழற்றொகுதியாகப் பார்க்கும் சிந்தனையை 1993இல் பரவலாக்கியவர் ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்கர். ஒரு நிறுவனம் தனித்து வாழ்வதில்லை. பொருள் கொடுப்போரும் வாங்குவோரும் போட்டியாளரும் சேர்ந்தே வளர்கிறார்கள், சேர்ந்தே தேய்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

முருகைக்கல் இதை மிகத் தெளிவாகக் காட்டும். அது ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் அல்கா என்ற நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அல்கா சூரிய ஒளியில் உணவு செய்து, முருகைக்கல்லுக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரையும் கொடுக்கும். முருகைக்கல் பதிலுக்கு இடமும் பாதுகாப்பும் தன் கழிவிலுள்ள ஊட்டமும் கொடுக்கிறது. கடல்நீர் அந்த இடத்தின் வழமையான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால் இந்த உறவு முறிகிறது; அல்கா வெளியேற்றப்படுகிறது. நிறம் போய் முருகைக்கல் வெளிறிவிடும். 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் இப்படிப் பெருமளவில் நடந்தது. வெளிறியது உடனே சாவதில்லை. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் அல்கா திரும்பும். தாமதமானால் பட்டினியால் சாகும்.

பயணிகள் வராத ஆண்டுகளில் பல விடுதிகள் சமையற்காரரையும் பணியாளரையும் அரைச் சம்பளம்கூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பின. கையில் காசில்லாத முதலாளிகளை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். பயணிகள் திரும்பி வந்தபோது அடுப்படியில் நிற்க ஆளில்லை. கெட்ட காலத்தில் சிறு தொகையாவது கொடுத்து, தொடர்பை அறுக்காமல் வைத்திருந்தவர்கள் முதலில் கதவைத் திறந்தார்கள்.

எத்தனை பேரைத் தாங்கும் என்ற எல்லை எந்த இடத்துக்கும் உண்டு. பெல்ஜியத்துக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இலேயே இதற்குச் சமன்பாடு எழுதினார்: தொகை முதலில் வேகமாக ஏறும், எல்லையை நெருங்க நெருங்க வேகம் குறையும். வியாபாரத்தில் இந்த எல்லையை நாம் மதிப்பதேயில்லை. சுனாமிக்குப் பிறகு நல்லெண்ணத்தோடு வந்த உதவிகளால் இலங்கையில் பல கரைகளில் முன்பிருந்ததைவிடக் கூடுதலான சிறு படகுகள் சேர்ந்தன. படகுகள் கூடின, மீன் கூடவில்லை. புறாத்தீவிலும் பருவ நாட்களில் ஒரே நேரத்தில் இறங்கும் கூட்டம் முருகைக்கல்லின் மேலேயே கால்வைக்கிறது. அங்கே பயணிகளை ஏற்றிச் செல்பவரின் மூலதனமே உடைந்துகொண்டிருக்கிறது.

ஒப்புமை நிற்காத இடம்

இயற்கையோடு ஒப்பிடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இயற்கையே இப்படித்தான் என்று சொல்லி, கூலியைக் குறைப்பதையும் அடுத்தவர் பிழைப்பைக் கெடுப்பதையும் நியாயப்படுத்துபவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பரமேசியத்துக்கு நோக்கம் கிடையாது; நல்லதும் கெட்டதும் தெரியாது. கொக்கு தன் காலின் நீளத்தை மாற்ற முடியாது; அந்த மாற்றத்துக்கு எண்ணற்ற தலைமுறைகள் வேண்டும். கடைக்காரரால் அடுத்த வாரமே மாற முடியும். அதைவிட முக்கியமாக, மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஓர் ஒழுங்கு செய்துகொள்ள முடியும்.

கரைவலை இழுக்கும் தொழிலில் அந்த ஒழுங்கு நெடுங்காலமாக இருக்கிறது. கடற்கரை பாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்ன பாட்டில் இன்ன வலைகளுக்கு உரிமை என்று வகுத்திருப்பார்கள். ஒரே பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வலைகளுக்கு உரிமை இருந்தால் முறைவைத்து வளைப்பார்கள். பட்ட மீனின் பணம் வலைச் சொந்தக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரியும். பறவைகளுக்கு அலகு செய்து கொடுத்ததை இங்கே மனிதர்கள் பேசித் தீர்மானித்திருக்கிறார்கள். உப்புவெளியில் பத்துப் படகுக்காரர்கள் விலையை வெட்டிக்கொள்வதற்குப் பதில் முறைவைத்துக்கொள்ள முடியாதா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. முறை என்பது நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றல்ல.

இனி, கடையோ விடுதியோ தொடங்க இருப்பவர் இதை எப்படிப் பயன்படுத்தலாம்? நீங்கள் இறங்க நினைக்கும் தெருவில் ஏற்கெனவே இருப்பவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு விற்கிறார்கள், எந்த நேரம், எந்த மாதங்கள், எந்த அளவில், காசுக்கா கடனுக்கா என்று ஒவ்வொருவருக்கும் எதிரே குறியுங்கள். உங்கள் திட்டத்தையும் அதேபோல் எழுதுங்கள். உங்கள் வரி வேறொருவரின் வரியோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனால் இன்னும் தொடங்க வேண்டாம். இரண்டில் வேறுபட்டாலே பிழைக்க வழி இருக்கிறது.

மாதங்கள் என்ற இடத்தில் கூடுதலாக நில்லுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் நமது கரைக்கு ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்வரை வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். சிவராத்திரிக்கு இரவெல்லாம் கண்விழிக்கக் கோணேசர் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் பயணிகள் பருவம் தொடங்குமுன்பே வருகின்றன. ஆடி அமாவாசைக்குக் கன்னியா வெந்நீரூற்றில் பிதிர்க்கடன் செய்ய வருபவர்களுக்குக் கடற்கரை அறை வேண்டாம். சைவச் சாப்பாடும், வயதான அம்மா படியேறத் தேவையில்லாத கீழ்மாடி அறையும், விடியுமுன் புறப்பட ஒரு வாகனமும் வேண்டும். இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் மாத வாடகை அறை வேண்டும். அவர்கள் மாரியிலும் இருப்பார்கள். நவம்பரில் உங்கள் அறையில் யார் தங்குவார் என்ற கேள்விக்கு இப்படிக் குறிப்பாக ஒரு பதில் கிடைத்த பிறகு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வையுங்கள்.